கும்சுன் எழுந்த இருக்கை

ஜனவரி பத்தாம் தேதியிலிருந்து பிப்ரவரி இருபத்திரண்டு பகல் வரை, தாக் மான்சிக்கின் வெள்ளை வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை, உள்ளே கம்பி கருகி அறுந்து கிடந்தும், தானாகவே சூடாக இருந்தது. சூடு முப்பத்தாறரை டிகிரி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே நாட்களில் மலையூரான ஜின்புவில் வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு, இருபது என்று இறங்கிக்கொண்டிருந்தது. மரச் சட்டங்களில் காயப் போட்டிருந்த பொல்லாக் மீன் கட்டையாக விறைத்தது. முட்டைக்கோஸ் விலை முந்தின ஆண்டைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்த இருக்கையைத் தொட்டுப் பார்த்தவர்கள் நாற்பது ஐம்பது பேராவது இருப்பார்கள். பொய் என்று ஒருவரும் சொன்னதில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தது சுகாதார நிலையத்து நர்ஸ். அவளும் “காய்ச்சல் எல்லாம் இல்ல, நார்மல்தான்” என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

மான்சிக் அப்போது அறுபத்தொரு வயதுக்காரர். பஸ் நிலையத்தை ஒட்டி அவர் கடை. இருபத்திரண்டு வருஷமாக வண்டி இருக்கைகளைப் பிரித்துப் போடுவதுதான் வேலை. இன்ஜின் பக்கம் தலை வைக்கமாட்டார். கிழிந்த உறை, தளர்ந்த பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சூட்டுக்கம்பி. மெல்லிய துணியில் வளைத்து வளைத்துத் தைத்த கம்பி அது; உறைக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒட்டிக் கிடக்கும், பொத்தானை அழுத்தினால் மூன்று நிமிடத்தில் உட்கார்ந்தவர் உடம்பு இளகிவிடும். தரையையே சூடாக்கி அதன்மேல் உண்டு உறங்கி வளர்ந்த சனங்களுக்கு இது இல்லாத வண்டி வண்டியே இல்லை. தபால்காரரின் வேன், சாமியார்களின் வேன், முட்டைக்கோஸ் லாரிகள், டிராக்டர்கள், பிணம் ஏற்றும் வண்டியின் ஓட்டுநர் இருக்கை, எல்லாவற்றிலும் மான்சிக் ஒட்டிய கம்பிதான் ஓடியது. வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் தயவில்தான் குளிர்காலத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் சொந்த வண்டியில் பக்கத்து இருக்கையின் கம்பி மட்டும் மூன்று குளிர்காலமாகச் செத்துக் கிடந்தது. காரணம் அவர் மனைவி கும்சுனின் முட்டி. சூப் பானையைப் பின்சீட்டில் வைக்கவோ எடுக்கவோ அவள் முன்சீட்டில் முட்டி போட்டு ஏறி எட்டுவாள். உட்கார்ந்தால் எடை பரவும். முட்டி போட்டால் ஒரே இடத்தில் இறங்கி கம்பியை ஒடித்துவிடும். “முட்டி போடாத, முட்டி போடாதன்னு எத்தன தடவ சொல்றது? கடைக்கு வர்றவங்களுக்குப் பாடம் எடுக்கிறேன், எம் பொண்டாட்டிக்கு ஏற மாட்டேங்குது” என்று அவர் கத்தினார். “பின்கதவு வழியா வைக்கலாம்னா அங்கதான் நீங்க ஸ்பானர் மூட்டைய அடச்சு வச்சிருக்கீங்களே. நான் என்ன பறந்து போயா வைப்பேன்?” என்றாள் அவள். கடைசியில் மான்சிக், “சரி விடு, கம்பி வரவழைச்சு மாத்திடுறேன்” என்றார்.

வரவழைக்கவும் செய்தார். முதல் குளிர்காலத்தில் வந்த கம்பித் துணி, முதுகு பிடித்துக்கொண்டு வந்து நின்ற தபால்காரருக்குப் போனது. இரண்டாம் குளிர்காலத்தில் வந்தது மீன் சட்டங்களின் சொந்தக்காரருக்கு. அவர் மகள் கர்ப்பமாக இருந்தாள், மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மூன்றாவது, சறுக்கு மைதானத்துக்கு வந்த சியோல்காரர் ஒருவருக்கு. அவருக்கு எந்த அவசரமும் இல்லை. கேட்டார், அலமாரியில் இருந்தது, மான்சிக் கொடுத்துவிட்டார். இந்த மூன்றாவதை நினைத்தால்தான் பின்னாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வீட்டில் சொன்னது ஒன்றுதான்: “இந்த அவசரம் முடியட்டும், அடுத்தது ஒனக்குத்தான்.” கும்சுன் போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். “ஊரு பூரா பின்பக்கத்தச் சூடாக்கி விட்டாச்சு. பாக்கி இருக்கிறது இந்த ஒண்ணுதான். பரவால்ல, எனக்குச் சொந்த அடுப்பு இருக்கு. கொஞ்ச நேரம் உக்காந்தா நானே சூடாக்கிடுவேன்” என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பு உண்மையான சிரிப்புதான். அதனால்தான் மான்சிக்குக்கு உறைக்கவில்லை.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கும்சுன் யாராவது உட்காரச் சொல்லாமல் உட்காரமாட்டாள். மாமியார் வீட்டில் பிடித்த பழக்கம். அந்த வீட்டில் தரை சூடான மூலை பெரியவர்களுக்கு. மருமகள் அங்கே ஒண்டி உட்கார்ந்திருக்கும்போது எழுப்பப்பட்டால், எழுப்பியவர் திரும்ப “உக்காரு” என்று சொல்லும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டும். மாமியார் போய்ப் பதினைந்து வருஷமாகியும் பழக்கம் போகவில்லை. கல்யாண விருந்துகளில், கோயிலில், சொந்த மகள் வீட்டில்கூட, தட்டை வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பாள். “ஏய் கும்சுன், உன்ன என்ன வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா, உக்காருடி” என்று பக்கத்து அப்பக் கடை மால்சுன் அதட்டினால்தான் முழங்கால் மடங்கும். கேட்டால், “சொன்னா உக்காந்துட்டுப் போறேன்” என்பாள்.

ஜனவரி ஆறாம் தேதி காலை, சூப்புக்குச் சோயா விழுதைக் கரைக்கும்போது இடது தோளுக்குக் கீழே என்னவோ இழுக்கிறது என்றாள். மான்சிக் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கங்னுங் ஆஸ்பத்திரிக்கு மலை வழியே விரட்டினார். தன் இருக்கையின் சூடு தன் தொடையைச் சுடுவது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. “இரு, நான் ஓரமா நிறுத்துறேன். நீ என் சீட்டுல வந்து உக்காரு.” “நான் அங்க உக்காந்தா வண்டிய யாரு ஓட்டுறது, உங்கப்பாவா? ரோட்டப் பாருங்க. நான் உக்காந்தாச்சு, இப்போ சூடாயிடும்.” சுரங்கப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடல் தெரியும் வளைவு வந்தபோது, “இப்போ எப்படி இருக்கு?” என்றார். பதில் இல்லை. கடல் மட்டும் தன்பாட்டுக்கு நீலமாக இருந்தது.

துக்க மண்டபத்தில், கறுப்பு உடுப்பில் வந்தவர்களுக்கெல்லாம் சூப் ஊற்றிக்கொண்டிருந்த மகள் சோல்மி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் சொன்னாள்: “கடைசி வரைக்கும் குளிர்லயே கூட்டிட்டுப் போனீங்கல்ல? ஒரு கம்பி. ஒரு மணி நேர வேல. ஊர்ல எவன் எவனோ சூடா உக்காந்திருக்கான். அம்மாவுக்கு அத மாத்திக் குடுக்காம நீங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்கள அனுப்பப் போறீங்க?” வோன்ஜுவில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், குரல் உயர்த்திப் பழக்கமில்லாதவள். தபால்காரர் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கல்லறைக்குப் போய்க் கும்பிட்டு வர வேண்டும். அதற்காக மான்சிக் வண்டியை எடுத்தபோது மணி அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்றால் வண்டி அடிக்கும் மணி. பக்கத்தில் யாரும் இல்லை. மடித்த போர்வைதான் இருந்தது. போர்வையை எடுத்தார். மணி நிற்கவில்லை. இருக்கையில் கை வைத்தவர், வைத்த கையை எடுக்காமல் வெகுநேரம் குனிந்தபடி நின்றார். பிறகு பெல்ட்டை இழுத்து வெறும் இருக்கைக்குக் குறுக்கே மாட்டினார். மணி நின்றது. அன்றிலிருந்து அப்படித்தான் ஓட்டினார். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு, இருவரும் பெல்ட் போட்டிருக்கிறார்கள் என்று கையசைத்து அனுப்பினார்.

செய்தி ஒரு நாளில் பரவியது. முதலில் வந்தவள் மால்சுன். கதவைத் திறந்து, கை வைத்துப் பார்த்து, “அடிப்பாவி, இங்கதான் இருக்கியா?” என்றாள். “நகரு, எனக்கும் இடுப்பு வலிக்குது.” அன்று முதல் தினமும் காலை கோதுமை மாவைக் கரைத்து வைத்துவிட்டு அரைமணி அங்கே வந்து உட்கார்ந்து ஊர்க் கதை முழுவதும் ஒப்பித்தாள். பதில் வராவிட்டாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் இருக்கை சற்றே அதிர்ந்தது என்று அவள் சொன்னாள்; கும்சுன் அப்படித்தான், சத்தமில்லாமல் குலுங்குவாள். சந்தை நாட்களில் மற்றவர்களும் வந்தார்கள். முதுகுவலிக்காரர்கள், மாதவிலக்கு வலிக்காரிகள், வயிற்று உப்புசத்தில் வீறிட்ட குழந்தை ஒன்று. மீன் சட்டத்து வேலைக்காரர்கள் தங்கள் சோற்றுக் கிண்ணங்களைத் துணியில் சுற்றி இருக்கையில் வைத்துவிட்டுப் போனார்கள். தாமதமாக வருகிறவருக்குச் சூடான தரையில் சோற்றை மூடி வைக்கும் வழக்கம்தானே, இங்கே தரைக்குப் பதில் கும்சுன். உட்காரும்போது எல்லோரும் “சோல்மி அம்மா, கொஞ்சம் மன்னிச்சுக்கணும்” என்று சொல்லிவிட்டே உட்கார்ந்தார்கள். மான்சிக் தடுக்கவில்லை. ஆனால் அவர் மட்டும் அதில் உட்காரவில்லை. அவருக்கு அந்தச் சூடு வேறு மாதிரிப் புரிந்திருந்தது. செத்தும் இருக்கையைத் தானே சூடாக்கிக்கொள்ள வேண்டிய நிலையில் அவளை விட்டுவிட்டோம், மாற்றிக் கொடுக்கும்வரை போகமாட்டாமல் காத்திருக்கிறாள் என்று நினைத்தார். நாற்பத்தொன்பதாம் நாள் கோயிலில் பூசை. அன்றைக்குள் செத்தவர்களுக்குச் சொன்ன சொல்லை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கனமான காலோடு நடக்க வேண்டியிருக்கும் என்பது இங்கே எல்லோரும் நம்புவது. நாற்பத்தொன்பதாம் நாள் பிப்ரவரி இருபத்துமூன்று.

பிப்ரவரியில் சந்திரப் புத்தாண்டுக்கு வந்த சோல்மி, கும்பிட்டு முடித்ததும் கடைக்குப் போய் அந்த இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாலைவரை இறங்கவில்லை. அரிசிக் கொழுக்கட்டைச் சூப்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மான்சிக் கண்ணாடியைத் தட்டினார். அவள் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். முகம் வீங்கியிருந்தது.

“அப்பா, இத இப்படியே விட்டுருங்க.”

“இருபத்திரண்டாம் தேதி மாத்துறேன். கம்பி வந்தாச்சு. அலமாரில பூட்டி வச்சிருக்கேன், யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

“மாத்த வேணாம்னு சொல்றேன்.”

“நீதான சொன்ன?”

“கோவத்துல சொன்னது, அப்பா. அம்மா செத்துக் கெடக்காங்க, நான் என்ன யோசிச்சா பேசுவேன்?”

“நீ கோவத்துல சொன்ன. அவ கேட்டுட்டால்ல? அப்புறம் நான் மாத்தாம விட்டா என்ன நெனப்பா? செத்த பெறகும் இவனுக்கு அடுத்தவன் சீட்டுதான் முக்கியம்னு நெனக்க மாட்டாளா?”

சோல்மி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். “இதுல உக்காந்து பாருங்க. ஒரே ஒரு தடவ. இது காத்திருக்கிற சூடு மாதிரியா இருக்கு?”

“மாத்திட்டு உக்காருறேன்” என்றார் மான்சிக். சூப் ஆறிப்போயிருந்தது, அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், சிறிது நேரத்தில் அது மறுபடி சூடானது, குடித்தாள்.

பிப்ரவரி இருபத்திரண்டு காலையிலிருந்தே பனி கொட்டியது. மான்சிக் கடைக் கதவைப் பாதி இறக்கி, “இன்று விடுமுறை” என்று எழுதி ஒட்டினார். வண்டியின் பேட்டரி முனையைக் கழற்றினார். அதன் பிறகு பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இருக்கையின் விலாவில், விபத்தில் வெடித்து விரியும் காற்றுப்பை இருக்கிறது, மிச்ச மின்சாரம் வடிவதற்குள் அதன் மஞ்சள் பிளக்கைப் பிடுங்கினால் முகத்தில் வெடிக்கும். காபிப் பொட்டலத்தைப் பிரித்துக் காகிதக் கோப்பையில் கரைத்துக் குடித்தார். பிளக்குகளைப் பிடுங்கினார். நான்கு போல்ட்டுகளையும் கழற்றித் தட்டில் போட்டார். குனிந்து இருக்கையைத் தூக்கினார்.

அது அசையவில்லை. அந்த ரக இருக்கையின் எடை பதினெட்டு கிலோ. தனியாளாக ஆயிரம் தடவை தூக்கியிருப்பார். எங்காவது போல்ட் விட்டுப்போயிருக்கிறதா என்று அடியில் விளக்கடித்துப் பார்த்தார். நான்கும் தட்டில் இருந்தன. இன்னொரு முறை தம் பிடித்துத் தூக்கினார். இடுப்புதான் பிடித்தது. அப்போது புரிந்தது. ஐம்பத்து நான்கு கிலோ கூடுதலாக இருந்தது. கும்சுனின் எடை அது. ஒவ்வொரு வருஷமும் இலவச மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் குறைந்ததா கூடியதா என்று சொல்லிச் சண்டை போடுவாள். மான்சிக் தொண்டையைச் செருமினார். முப்பத்திரண்டு வருஷத்தில் சோல்மி அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

“கும்சுன். ஒரு நிமிஷம் எந்திரி. இத மாத்திட்டு…”

வாக்கியத்தை முடிக்கத் தேவைப்படவில்லை. இருக்கை கையோடு வந்துவிட்டது. வந்த வேகத்தில் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார்.

மேசையில் கவிழ்த்தபோது அதில் சூடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. இப்போதுதான் ஆள் எழுந்துபோன எந்த இருக்கையிலும் இருக்கும் சூடுதான். உறையைப் பிடித்திருந்த இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். உறையை உரித்தார். பழைய துணியில் கம்பி ஒடிந்த இடம் பழுப்பாகக் கருகியிருந்தது, ஒரு முட்டியின் அளவுக்கு. அதைக் கிழித்தெடுத்து, பசைத் தடத்தைச் சுரண்டி, புதிய துணியை விரித்து ஒட்டினார். கம்பி எங்கும் மடங்கக் கூடாது. வளையங்கள் இறங்கும் பள்ளத்தில் துணி சுருங்கக் கூடாது. அவ்வளவு கவனமாக அவர் எந்தக் கம்பியையும் ஒட்டியதில்லை. அந்த ஐம்பது நிமிடமும் கும்சுன் கடைக்குள் எங்கோ நின்றிருந்தாள். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பின்னால் ஒருவர் நின்று பார்க்கும்போது வேலை செய்பவர் தோளை எப்படி ஒதுக்கிக்கொள்வாரோ அப்படி ஒதுக்கிக்கொண்டு வேலை செய்தார். ஒருமுறை, “வெளிச்சத்த மறைக்காத” என்றார். மேசைமேல் வெளிச்சம் கூடியது.

உறையை மூட்டி, புது வளையங்களை முடுக்கி, ஆவி காட்டிச் சுருக்கம் எடுத்து, இருக்கையை வண்டியில் இறக்கி, போல்ட், பிளக், பேட்டரி எல்லாம் மாட்டி, சாவியைத் திருப்பினார். பொத்தானை அழுத்தினார். சிவப்பாக மூன்று புள்ளிகள் எரிந்தன. உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது நிமிடம் சூடு ஏறியது. தழும்பு இல்லாமல், திட்டு இல்லாமல், ஓரம்வரை ஒரே சீரான சூடு.

“பாத்தியா?” என்றார், திரும்பிப் பார்க்காமல். “மூணே நிமிஷம்.”

அடுத்து அவர் வாயில் இருந்தது ஒரே ஒரு சொல். அது வருவதற்குள் வாசலில் ஹார்ன் அடித்தது. பனி அள்ளும் வண்டி. ஓட்டுநர் குனிந்து, பாதி இறங்கிய கதவுக்கு அடியில் தலையை நீட்டினார். “அண்ணே, மேல ரோடு மூடிக்கிட்டு வருது, எஞ் சீட்டுல பொறி பறக்குது. உக்காந்தா தீப்பிடிச்சிடும் போல. போர்ட பாத்தேன், விடுமுறைன்னு. இருந்தாலும் ஒங்கள விட்டா யாரு?” மான்சிக் வண்டிக் கதவைச் சாத்தினார், சாவியைத் திருப்பி அணைத்தார், கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் செய்தது தப்பு என்று அப்போது யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மலைச்சாலையில் முப்பது வண்டிகள் சிக்கியிருந்தன.

திரும்பி வர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. வண்டிக் கதவைத் திறந்து இருக்கையில் கை வைத்தார். ஜனவரி மாதத்து இரும்பில் கை வைத்தது போல் இருந்தது. சாவியைத் திருப்பினார். மணி அடிக்கவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டினார், கழற்றினார். மணி அடிக்கவில்லை. பொத்தானை அழுத்தினார், மூன்று நிமிடத்தில் இருக்கை கச்சிதமாகச் சூடானது, எந்த இருக்கையும் சூடாவது போல.

நாலு இருபது பஸ்ஸில் சோல்மி வந்தாள், மறுநாள் பூசைக்காக. பஸ் நிலையத்துப் பெஞ்சைக் கடந்து, பனியை உதறிக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது அப்பா கதவு திறந்த வண்டியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் கை வைத்துப் பார்த்தாள்.

“என்ன பண்ணீங்க?”

அவர் நடந்ததைச் சொன்னார். எடையை, எழுந்திருக்கச் சொன்னதை, வெளிச்சத்தை, மூன்று நிமிடத்தை. ஹார்னையும் சொன்னார்.

“எந்திரின்னு சொன்னீங்க,” என்றாள் சோல்மி மெதுவாக. “உக்காருன்னு சொன்னீங்களா?”

மான்சிக் முக்காலியை விட்டு எழுந்தார்.

“அப்பா. சொன்னீங்களா?”

“வாய் வரைக்கும் வந்துச்சு.”

“வாய் வரைக்கும்.” அவள் வண்டியின் படியில் சரிந்து உட்கார்ந்தாள். “முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க. உக்காருன்னு சொல்லாம அம்மா என்னைக்காவது உக்காந்திருக்காங்களா?”

அப்போது சொன்னார். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார். “உக்காரு. சோல்மி அம்மா, உக்காரு. கும்சுன், உக்காரும்மா.” கடை வாசல் வழியே காற்றில் வந்த பனி இருக்கையின்மேல் விழுந்து உருகியது. சோல்மிதான் எழுந்து அவர் கையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். “நான் அன்னைக்கு அப்படிப் பேசாம இருந்திருந்தா…” என்று தொடங்கினாள். “நீ பேசினதுல தப்பு இல்ல” என்றார் அவர். ஒருவருக்கொருவர் அதற்குமேல் தேற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

மறுநாள் பூசை நடந்தது. கும்சுனின் உடுப்புகள் கோயில் கொல்லையில் எரிக்கப்பட்டன. அன்று சந்தை நாள். இருவரும் மலையிறங்கி வந்தபோது, அப்பக் கடை மால்சுன் கையெல்லாம் மாவோடு, குடை இல்லாமல் ஓடி வந்து வண்டியை மறித்தாள்.

“சோல்மி அப்பா, ஒங்க வீட்டம்மா பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கா!”

போய்ப் பார்த்தார்கள். பயணிகள் காத்திருக்கும் கூடத்தில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஐந்தைக் கோத்த பெஞ்சு. சுவரோரத்திலிருந்து இரண்டாவது சூடாக இருந்தது. முப்பத்தாறரை. மால்சுன் அதற்குள் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள். டிக்கெட் கொடுக்கும் பெண் கண்ணால் பார்த்தது இது: முந்தைய நாள் பிற்பகல், விடுப்பில் போகிற பட்டாளத்துக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று, யாரோ பக்கத்தில் நிற்பது போல, துள்ளி எழுந்து தொப்பியைச் சரிசெய்து, “மன்னிச்சுக்கங்க, கவனிக்கல. ஏம்மா நிக்கிறீங்க, உக்காருங்க!” என்றார். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார், யாரும் இல்லை. காது சிவந்துபோய்ப் பஸ் ஏறிப் போய்விட்டார். “பாவம், இவ என்ன பண்ணுவா?” என்றாள் மால்சுன். “கடையில நின்னு நின்னு பாத்திருக்கா. யாரும் ஒண்ணும் சொல்லல. வெளிய வந்தா. அந்தப் புள்ள சொல்லுச்சு, உக்காந்துட்டா.”

மான்சிக் கூடத்தில், கீரை மூட்டைகளுக்கும் சந்தைப் பெண்களுக்கும் நடுவே, அந்த நாற்காலியின் முன்னால் குந்தினார். “வண்டி சூடா இருக்கு,” என்றார் தணிந்த குரலில். “புதுக் கம்பி. ஓரம் வரைக்கும் ஏறுது. வந்துரு.” நாற்காலியின் சூடு மாறவில்லை. அப்போது அவர் தன் தொழிலைத்தான் நினைத்தார். பெஞ்சைத் தரையில் பிடித்திருந்தது எட்டு போல்ட். பதினேழாம் நம்பர் ஸ்பானர் போதும். நாற்காலியை மட்டும் பிரித்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நிலைய மேலாளரிடம் கேட்கவும் கேட்டார். அவர் தலையைச் சொறிந்து, சோல்மியைப் பார்த்து, “எடுத்துக்கட்டும், நான் என்ன சொல்றது?” என்றார். மான்சிக் கடைக்குப் போய் ஸ்பானரோடு வந்தார். முதல் போல்ட்டில் வைத்தபோது சோல்மி கேட்டாள்.

“தூக்கணும்னா அம்மா எந்திரிக்கணுமே, அப்பா. மறுபடியும் எந்திரின்னு சொல்லப் போறீங்களா?”

மான்சிக் ஸ்பானரைப் பிடித்தபடி வெகுநேரம் முட்டி போட்டிருந்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். சோல்மி ஏழு மணி பஸ்ஸில் வோன்ஜுவுக்குப் போனாள். பஸ் வரும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது அப்பாவுக்கு இடம் விட்டுப் போனாள்.

அதன் பிறகு பதினொரு குளிர்காலம் போயிற்று. மான்சிக்கின் வண்டியில் பக்கத்து இருக்கைதான் இந்த வட்டாரத்திலேயே நேர்த்தியாகக் கம்பி ஒட்டப்பட்ட இருக்கை. இதுவரை ஒரு நாளும் பழுதானதில்லை. வண்டியை எடுக்கும்போதெல்லாம் அதன் பொத்தானையும் சேர்த்து அழுத்துகிறார், மூன்று புள்ளி. அதில் உட்கார அவர் யாரையும் கூப்பிடுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. பஸ்கள் குறைந்துவிட்டன. கூடத்துக்குப் புதுச் சாயம் அடித்து நாற்காலிகளை மாற்றினார்கள். சுவரோரத்திலிருந்து இரண்டாவதை மட்டும் விட்டுவிட்டார்கள், நீலத்துக்கு நடுவில் அது வெளுத்துத் தெரிகிறது. வெளியூர்க்காரர்கள் அதற்குத் தனியாக மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தாமதமாக வருகிறவர்களின் சோற்றை அதில் வைக்கிறார்கள், வலி உள்ள இடத்தை அதில் சாய்க்கிறார்கள். கூட்டும் பெண் முதலில் அதைத்தான் துடைக்கிறாள்.

மான்சிக் தினமும் கடையைத் திறக்கும் முன் வருகிறார். சந்தை நாட்களில் வரிசை இருக்கும். அவரும் வரிசையில் நிற்கிறார். முறை வந்தால் உட்கார்ந்து, கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் பஸ் நேரங்களைப் பார்க்கிறார். ஐந்து நிமிடம் கிடைக்கும், சில நாள் ஏழு. அதற்குள் முள்ளங்கி மூட்டையோடு யாராவது வந்து பக்கத்தில் நிற்பார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

“முடிஞ்சுதா அண்ணே?”

“ஆச்சு, ஆச்சு” என்று அவர் உடனே எழுந்துகொள்கிறார். அவர்கள் மூட்டையை இறக்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை. “உக்காருங்க” என்கிறார்.